ஒரு கட்டுமரமும் கடலுக்குப் போகாத நாள்

1

பூமி ஆடினால் முதலில் அடுப்பை அணைக்க வேண்டும். பிறகு கதவைத் திறந்து வைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஓட வேண்டும். ஜப்பானுக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகியும் இந்த வரிசை எனக்குப் படியவில்லை. நான் முதலில் ஓடிவிடுவேன்.

போன வாரம் காலையில் சாப்பிட உட்கார்ந்தபோது ஒரு சின்ன ஆட்டம் வந்தது. சுவரில் மாட்டியிருந்த முறம் இரண்டு தட்டு தட்டியது, அவ்வளவுதான். நான் கிண்ணத்தோடு தெருவில் நின்றேன். உள்ளே என் மனைவி சியோ அடுப்பை அணைத்துவிட்டு, கதவை ஒரு கட்டையால் நிறுத்தி, என்னை எட்டிப் பார்த்தாள்.

"உங்கள் ஊரில் எல்லாரும் சோற்றோடுதான் ஓடுவார்களா?" என்றாள்.

எதிர் வீட்டு அம்மாளும் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் கிண்ணத்தை மறுபடி வாயில் வைக்க முடியவில்லை. இந்த வருஷம் எனக்குக் காலடி மண் மேல் மட்டும் இல்லை, பல விஷயங்கள் மேலும் நம்பிக்கை போய்விட்டது. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

காத்திவாக்கம், எண்ணூர், ராயபுரம் பக்கத்து ஜனங்கள் இந்தப் பத்திரிகையை வாங்கி ஒருவர் படிக்க நாலு பேர் கேட்பார்கள் என்று தெரியும். எனக்கு ஐந்தாம் வகுப்புப் படிப்புதான். நாலு பேர் முன்னால் பேச வாய் வராது. காகிதத்தில் யார் முகமும் தெரியாது என்பதால் தைரியமாக எழுதுகிறேன்.

2

நான் இங்கே வந்தது திட்டம் போட்டு வந்ததில்லை. காத்திவாக்கத்தில் அப்பாவோடு கடலுக்குப் போய்க்கொண்டிருந்தேன். பிறகு ஹார்பரில் சுமை தூக்கினேன். அங்கிருந்து ஒரு சரக்குக் கப்பலில் கரி தள்ளப் போனேன். கோபே துறைமுகத்தில் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கப்பல் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது. அங்கே துணி வியாபாரம் செய்த ஒரு சிந்திக்காரர் என்னைத் தம் கிடங்கில் மூட்டை கட்டும் வேலைக்கு வைத்துக்கொண்டார். ஊருக்குப் போகலாம், போகலாம் என்று இருந்தேன். சியோவைக் கட்டிக்கொண்டேன். ஒரு பெண் பிறந்தாள். அப்புறம் யுத்தம் வந்துவிட்டது. நாலு வருஷம் ஒரு கடுதாசியும் போகவில்லை, வரவில்லை.

யுத்தம் முடிந்ததும் முதலாளி என்னை மேற்குக் கடற்கரைப் பக்கத்து நெசவு ஊர் ஒன்றுக்கு அனுப்பினார். இன்றும் அங்கேதான் இருக்கிறேன். தறிக்கொட்டகைகளில் வாங்கும் பட்டுத்துணியை அழுத்தி மூட்டை கட்டி ரயில் ஏற்றுவது வேலை.

அந்நியர் எல்லாரும் பதிந்துகொள்ள வேண்டும் என்று சட்டம் வந்தபோது ஊர் ஆபீசுக்குப் போனேன். குமாஸ்தா பிறந்த ஊரைக் கேட்டார். காத்திவாக்கம் என்றேன். அவர் அதைத் தம் எழுத்தில் பிரித்துப் பிரித்து எழுதினார். கட்டம் போதவில்லை. அடித்துவிட்டு "மெட்ராஸ்" என்று எழுதினார். தேசம் என்ன என்றார். முன்பு பிரிட்டிஷ், இப்போது இந்தியா என்றேன். "இரண்டில் ஒன்றுதான் எழுதலாம்" என்றார். அவரே ஒன்றை எழுதி முத்திரை குத்தினார். எதை எழுதினார் என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. வீட்டுக்கு வந்து சியோவைப் படிக்கச் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

என் பெண்ணின் பெயர் ஹரு. பதின்மூன்று வயது. நான் பேசும் ஜப்பானியப் பேச்சைக் கேட்டுச் சிநேகிதிகள் சிரிக்கிறார்கள் என்று பள்ளிக்கூடத்துக்கு என்னை வரவிடமாட்டாள். தமிழ் எழுத்து சொல்லிக்கொடுக்க இரண்டு தடவை உட்கார்ந்தேன். "இதை எங்கே போய்ப் படிப்பது?" என்று கேட்டாள். கேள்வி நியாயமானதுதான். விட்டுவிட்டேன்.

3

கிடங்கில் மூட்டை அழுத்தும் இயந்திரத்துக்கு இரண்டு ஆள் வேண்டும். எனக்கு ஜோடி கிமுரா. என்னைவிட ஐந்து வயது மூத்தவர். பேச்சு குறைவு. எனக்கும் அப்படி என்பதால் நாளெல்லாம் எதிரெதிரே நின்று சக்கரம் சுற்றுவோம். மத்தியானம் அவர் கொண்டுவரும் ஊறுகாயில் பாதி என் சோற்றில் விழும். அவர் மனைவி யுத்தத்தில் குண்டு விழுந்து இறந்துவிட்டாள். மிச்சம் இருந்தது ஒரே பெண். ஃபுமி என்று பேர். பதினேழு வயது. கிடங்குக்கு எதிரே இருந்த தறிக்கொட்டகையில் நூல் சுற்றினாள். சாயங்காலம் வேலை விட்டதும் வாசலில் நின்று, "அப்பா, இன்னும் கட்டி முடியவில்லையா? இந்தியா மாமா சோம்பேறி" என்று கத்துவாள்.

யுத்தம் முடிந்த மூன்றாவது வருஷம், ஆனி மாசத்தில், அவள் அப்படிக் கத்தும் நேரத்துக்குச் சற்று முன்னால் பூமி ஆடியது.

சின்ன ஆட்டங்கள் எனக்குப் பழக்கம்தான். இது வேறு. தரை ஏறி இறங்கியது. அலைமேல் கட்டுமரம் ஏறி இறங்குகிற அதே மாதிரி. என் கால் தானாக அகன்று நின்றது. கிமுரா விழுந்தார், நான் விழவில்லை. கூரை எங்கள்மேல் வந்தது. அடுக்கி வைத்த துணிமூட்டைகள் அதைத் தாங்கிக்கொண்டன. இடுக்கில் தவழ்ந்து வெளியே வந்தோம். எதிரே கொட்டகை இல்லை. ஓட்டுக் கூரை அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தது.

மூட்டை தூக்கும் கொக்கிகளால் ஓட்டை இழுத்தோம். பிறகு கையால் இழுத்தோம். ஊரில் வேறொரு பக்கம் தீப்பிடித்துப் புகை வந்தது. கிமுரா அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே தோண்டினார். மறுநாள் காலையில் அகப்பட்டாள். நூல் கண்டு ஒன்று கையில் இருந்தது. நான் ஏதாவது சொல்ல வேண்டும். துக்கத்துக்குச் சொல்லும் ஜப்பானிய வார்த்தை எனக்கு அப்போது தெரியாது. தெரிந்த மரியாதை வார்த்தைகளில் ஒன்று வாயில் வந்தது. "குளிராக இருக்கிறது, இல்லையா" என்றேன். ஆனி மாசம். கிமுரா என்னைப் பார்த்து, "ஆமாம்" என்றார்.

சாவு ஏராளம். விறகு கிடையாது. பத்துப் பதினைந்து பேரைச் சேர்த்து வைத்து எரித்தார்கள். பேரை ஒரு பலகைச் சில்லில் எழுதி நட்டார்கள். ஃபுமிக்கென்று தனியாக ஒருவரும் ஒரு நாழிகை நின்று அழவில்லை. நிற்க நேரம் இல்லை.

4

எரித்த மறுநாள் நான் வேலைக்குப் போகவில்லை.

ஊரே இடிபாட்டை அள்ளிக்கொண்டிருந்தது. கிழவிகள்கூடக் கூடையில் ஓடு சுமந்தார்கள். நான் மட்டும் சாய்ந்துபோன என் வீட்டு வாசலில் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் சியோவிடம், "அவருக்கு அடிபட்டதா?" என்று கேட்டார்கள். இல்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சியோ உள்ளே வந்து, "எழுந்திருங்கள். எனக்கு அவமானமாக இருக்கிறது" என்றாள். நான் எழுந்திருக்கவில்லை.

மத்தியானம் கிமுரா வந்தார். கை முழுக்கச் சேறு.

"காலையிலிருந்து உன்னைத் தேடுகிறேன். பயந்துவிட்டாயா?"

"இல்லை."

"பின்னே ஏன் உட்கார்ந்திருக்கிறாய்?"

நம் குப்பத்தில் ஒரு சாவு விழுந்தால் அன்றைக்கு யாரும் தொழிலுக்குப் போவதில்லை. ஒரு கட்டுமரமும் தண்ணீரில் இறங்காது. செத்தவன் யாராக இருந்தாலும் சரி, சண்டைக்காரனாக இருந்தாலும் சரி. மீன் கரைக்கு வந்து துள்ளினாலும் தொடமாட்டோம். உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. அவருக்கு எனக்குத் தெரிந்த சொற்களில் சொன்னேன். "உங்கள் பெண் இறந்தாள். ஆகையால் நான் வேலை செய்யக் கூடாது" என்றேன்.

கிமுரா சேற்றுக் கையோடு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்போதுதான் அவர் அழுததைப் பார்த்தேன்.

"எல்லாப் படகும் நிற்குமா?" என்று கேட்டார்.

"எல்லாம்."

"ஒன்றுகூடப் போகாதா?"

"போகாது."

இரண்டு வாரத்தில் எதிரே தகரம் போட்டுத் தறிகளை ஓட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கிமுராவின் கை சக்கரத்தில் நின்றுவிடும். "அதற்குள் ஓடுகிறது" என்பார்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. காத்திவாக்கத்தில் இருந்த என் அண்ணன் கன்னியப்பனுக்கு எழுதினேன். அண்ணன் பேச்சுக்குக் கிராமக் கூட்டத்தில் மதிப்பு உண்டு. "இங்கே பூகம்பத்தில் ஜனங்கள் செத்துப்போனார்கள். என்னோடு வேலை செய்கிறவரின் பெண்ணும் போய்விட்டாள். அவளுக்காக யாரும் ஒரு நாள்கூட நிற்கவில்லை. கிராமத்தாரிடம் சொல்லி நம் குப்பத்தில் ஒரு நாள் கட்டுமரத்தை நிறுத்தச் சொல். நான் இதுவரை ஊரிடம் ஒன்றும் கேட்டதில்லை" என்று எழுதினேன். நிவாரணத்துக்குப் பணமோ துணியோ கேட்டிருந்தால் கொடுக்க முடியாமல் போகலாம். இது நம்மால் ஆகிற காரியம் என்று நினைத்தேன்.

5

கார்த்திகையில் பதில் வந்தது. "நீ கேட்டபடி புரட்டாசி முதல் வெள்ளிக்கிழமை ஒரு மரமும் கடலுக்குப் போகவில்லை. எல்லாரும் கரையில் இருந்தார்கள். அந்தப் பெண்ணுக்காகக் கற்பூரம் ஏற்றினோம். நீ மனக்கவலை இல்லாமல் இரு" என்று அண்ணன் எழுதியிருந்தான்.

அந்தக் கடுதாசியைக் கிடங்குக்குக் கொண்டுபோனேன். வரி வரியாகக் கிமுராவுக்குச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றினார்.

"உன் ஊர் எந்தப் பக்கம்?"

தென்மேற்காகக் கை காட்டினேன். கப்பலில் வந்தவனுக்குத் திசை மறக்காது. கிமுரா அந்தப் பக்கம் திரும்பி இடுப்பு மடியக் குனிந்தார். நிமிர வெகுநேரம் ஆயிற்று. அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு, நம் கரையில் வரிசையாகப் படுத்திருக்கும் மரங்கள் தெரிந்தன. என் வாழ்க்கையில் ஊரை நினைத்துப் பெருமைப்பட்ட நாள் அது.

அதன்பிறகு ஒவ்வொரு வருஷமும் ஃபுமி இறந்த நாளில் கிமுரா என் வீட்டுக்கு வருவார். அரிசி மாவில் செய்த பலகாரம் கொண்டுவருவார். வாசலில் நின்று தென்மேற்கே குனிவார். "உன் ஊர் ஜனங்களுக்கு எழுதும்போது சொல்லு" என்பார். கோயில் குருவிடம் சொன்னார். தெருவில் சொன்னார். கடலுக்கு அப்பால் ஒரு மீனவ ஊர் தங்களுக்காக ஒரு நாள் பட்டினி கிடந்தது என்று இந்த ஊர்ப் பெண்கள் பேசிக்கொண்டார்கள். அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் எனக்கு வழிவிட்டு நின்றார்கள்.

6

இந்த வருஷம் ஏழாவது வருஷச் சடங்கு. அவர்கள் கணக்கில் ஏழு, நம் கணக்கில் ஆறு. செத்தவர்களுக்காகக் கோயிலில் ஒரு கல் நடத் தீர்மானித்தார்கள். கல்லின் அடியில், "கடலுக்கு அப்பாலிருந்து துக்கம் காத்தவர்களுக்கு" என்று ஒரு வரி வெட்டி, அதன் கீழே என் ஊர்ப் பேரை என் ஊர் எழுத்தில் வெட்ட வேண்டும் என்று கிமுரா கேட்டார். குரு சம்மதித்தார். எழுதிக் கொடுக்கும்படி என்னிடம் சொன்னார்கள்.

வைகாசியில் மூட்டைகளோடு கோபேக்குப் போயிருந்தேன். மெட்ராஸ் ஹார்பரிலிருந்து இரும்புக்கல் ஏற்றிய கப்பல் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டுத் துறைமுகத்துக்குப் போனேன். கப்பலிலிருந்து இறங்கிய ஒருவன் பீடி பற்றவைப்பதைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கிட்டப் போய் நின்றேன். கூச்சத்தில் இந்த ஊர்ப் பழக்கப்படி குனிந்துவிட்டேன்.

"இன்னாடா இது, சப்பான்காரன் நம்மள கும்புட்றான்!" என்றான்.

"நான் காத்திவாக்கம்பா" என்றேன்.

பீடி கீழே விழுந்தது. "அட! கன்னியப்பன் தம்பியா? ஏகாம்பரம் அண்ணாத்தயா? ஆளே மாறிப்பூட்ட! உன்ன சப்பான்காரன் துன்னுட்டான்னு குப்பத்துல சொல்லிக்கினு கீறாங்க."

அவன் பேர் துலுக்காணம். என் தங்கை தேசம்மா வீட்டுக்கு இரண்டாவது வீடு. நான் கப்பலேறியபோது பத்துப் பன்னிரண்டு வயசு இருக்கும். டீக்கடைக்குக் கூட்டிப்போனேன். நம் பேச்சைப் பேசி எத்தனையோ வருஷம். ஒரு நாழிகை அவன் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். பிறகு சொன்னேன்.

"அப்போ நீங்கள்லாம் எனக்காக மரத்த நிறுத்தினீங்களே. அந்த நன்றிய நான் நேருல சொல்லணும்னு கீறேன்."

"எப்போ?"

"பூகம்பத்தப்போ. புரட்டாசி வெள்ளிக்கிழம."

"புரட்டாசியில எவன் மரத்த நிறுத்துவான்? நெத்திலி வாரிக்கினு கீற மாசம். இன்னா நைனா, கனா கினா கண்டியா?"

"அண்ணன் எழுதிச்சுப்பா."

துலுக்காணம் டீயைக் கீழே வைத்தான். என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"உனக்குத் தெர்யாதா? உங்கண்ணன் கிராமத்துல வாயே தொறக்கல. லெட்டர உன் தங்கச்சி வூட்லதான் குந்திக்கினு படிச்சாரு. நானும் இருந்தேன். படிச்சி முடிக்கிறதுக்குள்ள அந்தம்மா புடுங்கி அடுப்புல போட்டுச்சு. 'எம் புருசன முழுங்கினவன் வூட்டு சாவுக்கு நம்ம குப்பம் துக்கம் காக்கணுமா? அவுங்களுக்காச்சும் பொணம் கெடச்சிது. எனக்கு அது கூட வர்ல'ன்னு கத்திச்சு பாரு, தெருவே கூடிப்போச்சு."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தேசம்மாவின் புருஷன் எல்லப்பன் கடலில் போய்விட்டான் என்று யுத்தம் முடிந்ததும் அண்ணன் எழுதியிருந்தான். அவ்வளவுதான் எழுதியிருந்தான். எண்ணூர் முகத்துவாரத்தில் மரம் கவிழ்ந்திருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

"எல்லப்பன் தொழிலுக்குப் போன எடத்துல இல்லியா?"

"தொழிலா? உன்ன மாதிரி கப்பலுக்குத்தான் போச்சு. கல்கத்தா போற சரக்குக் கப்பலு. நடுக்கடல்ல சப்பான்காரன் சுட்டு முழுகட்ச்சுட்டான். எந்த நாளு, எந்த எடம், ஒண்ணும் தெர்யாது. அஞ்சாறு மாசம் கழிச்சி கம்பெனியில இருந்து ஒரு காயிதம் வந்துச்சு. கப்பலு முழுகின சமயம் மெட்ராஸே காலி. சப்பான்காரன் வரான் வரான்னு பாதிக் குப்பம் பொன்னேரிக்கு ஓடிப்போச்சு. உன் தங்கச்சி மட்டும் போவல. புருசன் வந்தா பூட்டின வூட்டப் பாத்துட்டுத் திரும்பிப்பூடுவான்னு அங்கயே குந்திக்கினு இருந்துச்சு."

டீக்கடையில் ஜனங்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். சுற்றிலும் ஜப்பானிய முகங்கள். என் மனைவியின் முகம், என் பெண்ணின் முகம்.

"இத்தினி நாளு ஏன்பா எனக்கு யாரும் சொல்லல?"

"நீ அவுங்க வூட்டு மாப்பிள்ள ஆய்ட்ட. உன்னாண்ட இன்னான்னு சொல்றது?" என்றான் துலுக்காணம். அவன் குத்திப் பேசவில்லை. தெரிந்ததைச் சொன்னான்.

7

ரயிலில் திரும்பி வரும்போது ஒன்றை எண்ணி எண்ணி நெஞ்சு எரிந்தது. அண்ணன் முடியாது என்று எழுதியிருக்கலாம். ஏன் முடியாது என்று எழுதியிருந்தால் நான் அன்றைக்கே தங்கைக்காக அழுதிருப்பேன். கிமுராவிடமும் சொல்லியிருப்பேன். அதைவிட்டு, இல்லாத வெள்ளிக்கிழமையை எழுதி, எரியாத கற்பூரத்தையும் எழுதினான். அந்தக் கற்பூரத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மகளைப் பறிகொடுத்த மனுஷன் ஆறு வருஷம் ஒன்றுமில்லாத திக்கைப் பார்த்துக் குனிந்தான். குனிய வைத்தவன் நான்.

சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் சக்கரத்துக்கு எதிரே கிமுரா வந்து நின்று, "கல் வந்துவிட்டது. நல்ல கறுப்புக் கல்" என்றார். சொல்ல வாய் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. நான் கூச்சக்காரன் என்று எல்லாருக்கும் தெரியும். அதற்குக் கூச்சம் என்று பேர் வைக்கலாமா என்று இப்போது எனக்குச் சந்தேகம்.

எழுத்து வேண்டும் என்று கல்தச்சர் ஆள் அனுப்பினார். தூரிகையால் பெரிதாக எழுதிக் கொடுக்க வேண்டும். எனக்குத் தூரிகை பிடிக்கத் தெரியாது. ஹருவுக்குப் பள்ளிக்கூடத்தில் தூரிகை எழுத்துக்குப் பரிசு உண்டு. நான் பென்சிலால் ஒரு காகிதத்தில் எழுதினேன். காத்திவாக்கம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கா என்று எழுதிவிட்டு நிறுத்தினேன். துக்கம் காக்காத ஊரைத் துக்கம் காத்தவர்களுக்கு என்ற வரியின் கீழே எப்படி எழுதுவது? காகிதத்தைக் கிழித்துவிட்டு வேறு காகிதத்தில் "எல்லப்பன்" என்று எழுதினேன். துக்கம் காத்தது தேசம்மா ஒருத்திதான். அவள் காத்தது அவனுக்காக.

ஹரு தரையில் மண்டியிட்டு, அந்த எழுத்துகளைப் பெரிதாக, அழகாக வரைந்தாள். சுழிகளில் தூரிகையைத் திருப்பத் தெரியாமல் மூன்று தடவை எழுதினாள்.

"இது நம் ஊர்ப் பேரா, அப்பா?"

நம் ஊர் என்று அவள் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். "ஆமாம்" என்றேன். என் மகள் எழுதிய முதல் தமிழ்ச் சொல் அது. அதற்கும் நான் பொய்தான் சொன்னேன்.

8

கல் நட்ட அன்று நல்ல மழை. மந்திரம் ஓதி முடித்து எல்லாரும் போய்விட்டார்கள். கிமுரா மரவாளியில் தண்ணீர் எடுத்துவந்து கல்லில் அகப்பையால் ஊற்றினார். இங்கே அது வழக்கம். மழை பெய்தாலும் ஊற்றுவார்கள். அடிவரிக்கு வந்ததும் விரலால் நம் எழுத்துகளைத் தடவிப் பார்த்தார்.

"இதை எப்படி வாசிக்க வேண்டும்? பேர் சொல்லி நன்றி சொல்ல ஆசை."

"எல்லப்பன்" என்றேன்.

அவர்களுக்கு ல வராது. "எராப்பன்" என்று சொல்லிப் பார்த்து, அந்தப் பேருக்குக் குனியப் போனார். நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் எழுதியது பொய், ஒரு படகும் நிற்கவில்லை, இது ஊர்ப் பேர் இல்லை, என் தங்கையின் புருஷன் பேர், அவனை உங்கள் தேசத்துக் கப்பல் கடலில் மூழ்கடித்தது என்று சொன்னேன். நான் இவ்வளவு பேசி அவர் கேட்டதில்லை.

"ஒன்றுகூட நிற்கவில்லையா?"

"இல்லை."

"உனக்கு எப்போது தெரியும்?"

"ஒரு மாசம் ஆகிறது."

கிமுரா தலையை ஆட்டினார். "உன் அண்ணன் என்னைப் பார்த்ததில்லை. ஒரு மாசமாக நீ என் எதிரே நின்று சக்கரம் சுற்றினாய்" என்றார்.

வாளியை எடுத்துக்கொண்டு படியில் இறங்கினார். நாலைந்து படி இறங்கி நின்றார். திரும்பி வந்தார்.

"அவருக்கு வயது என்ன?"

"இருபத்தாறு."

வாளியில் இருந்த தண்ணீரை முழுவதும் அந்த எழுத்துகளின் மேல் ஊற்றினார். குனியவில்லை. காலி வாளியோடு படியிறங்கிப் போனார். அன்றிலிருந்து கிடங்கில் "தூக்கு", "நிறுத்து", "கட்டு" என்ற மூன்று சொல்தான் எங்களுக்குள். ஊறுகாய் அவர் டப்பாவிலேயே இருக்கிறது. கோயிலில் அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. தெருவில் எனக்கு இன்னும் வழிவிடுகிறார்கள். அது எனக்கு இப்போது பொறுக்கவில்லை.

அண்ணனைக் கேட்டு எழுதியிருந்தேன். பதில் வந்தது. "உன் மனசும் நோகக் கூடாது, தேசம்மா மனசும் நோகக் கூடாது என்றுதான் செய்தேன். இரண்டு வரி எழுதினதால் யாருக்கு என்ன கெட்டுப்போச்சு?" என்று கேட்டிருக்கிறான். என்ன கெட்டுப்போச்சு என்று அவனுக்குத் தெரியட்டும் என்றுதான் இதைப் பத்திரிகைக்கே எழுதுகிறேன். குப்பம் நிற்காததில் எனக்கு வருத்தம் இல்லை. அவர்களை யாரும் கேட்கவே இல்லையே. கேட்டிருந்தால் தேசம்மா எழுந்து நின்று சொல்லியிருப்பாள். அதை நான் கேட்டிருக்க வேண்டும். அண்ணனை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அதுவும் ஒரு பொய் வெள்ளிக்கிழமை ஆகிவிடும்.

தேசம்மாவுக்குத் தனியாக எழுதினேன். அண்ணன் கையில் போகாமல், துலுக்காணம் வீட்டு விலாசத்துக்குப் போட்டேன். இந்த ஊரில் ஒரு கல்லில் உன் புருஷன் பேர் இருக்கிறது, தமிழில் இருக்கிறது, என் மகள் கையெழுத்து என்று எழுதினேன். மன்னிப்புக் கேட்க வரி தோன்றவில்லை. அவள் திட்டி எழுதுவாள் என்று காத்திருந்தேன்.

போன மாசம் யாரையோ எழுதச் சொல்லி ஒரு கார்டு போட்டிருந்தாள். சௌக்கியமா என்று இல்லை. என் மகளைப் பற்றி இல்லை. ஒரே கேள்விதான். "அந்தக் கல்லு எந்தப் பக்கம் பாத்துகினு கீது? கடல் பக்கமா?"

இத்தனை தடவை போயும் நான் அதைக் கவனிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மறுபடி படியேறிப் போய்ப் பார்த்தேன். கல் மலையைப் பார்த்து நிற்கிறது. கடல் அதன் முதுகுப் பக்கம். கோயில் மறைப்பதால் அங்கிருந்து தண்ணீர் கண்ணுக்கே தெரியாது. அப்படியே எழுதிப் போட்டேன். ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.